எந்தக் குருகு, எந்த மரம்: சங்கப் பாடல்களைச் சூழலியல் கவிதையாக வாசிப்பது பற்றி

கேள்வி இதுதான்: தமிழில் சூழலியல் கவிதை என்று ஒன்று உண்டா? சங்கப் பாடல்களை அப்படிச் சொல்கிறார்களே, அது இன்றைய கவலையைப் பழைய பாட்டின் மேல் ஏற்றிச் சொல்வது ஆகாதா? வாசிக்க விரும்பினால் எங்கே தொடங்குவது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். இயற்கையைக் காப்பாற்று என்று சங்கப் பாடல்கள் சொல்வதில்லை. அப்படி ஒரு எண்ணம் அவற்றில் கிட்டத்தட்ட கிடையாது. ஆனால் ஓர் உயிர் எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, எந்தப் பருவத்தில் என்ன செய்கிறது என்று தெரியாமல் அந்தப் பாட்டில் பேசும் மனிதர்களின் பேச்சைப் புரிந்துகொள்ள முடியாது. அந்த அளவுக்கு உயிர்களைப் பற்றிய அறிவு பாட்டின் கட்டுமானத்திலேயே கலந்திருக்கிறது. அதனால்தான் அவற்றைச் சூழலியல் கவிதை என்று சொல்லத் துணிகிறேன்.

குறுந்தொகை 25, கபிலர் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அவன் என்னைக் கூடிய அன்று அங்கே யாருமே இல்லை, அவன்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்?

"தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு தான் மணந்த ஞான்றே"

சாட்சி என்று ஒரு குருகு மட்டும் உண்டு. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது. குளக்கரையில் மடையானைப் பார்த்தவர்களுக்கு இந்த வரி சட்டென்று பிடிபடும். அசையாமல், கழுத்தைச் சுருக்கி, தண்ணீரிலிருந்து பார்வையை எடுக்காமல் நிற்கும் பறவை அது. பக்கத்தில் என்ன நடந்தாலும் அதன் கவனம் மீன் மேல்தான். காலும் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் மெலிந்துதான் இருக்கும். அதைத் தினைத்தாள் போல இருக்கிறது என்று சொல்பவள் தினைப்புனம் காத்த பெண். கண்ணுக்குப் பழகிய பயிரை வைத்துத்தான் பறவையின் காலைப் பார்க்கிறாள். "குருகும் உண்டு" என்பதில் உள்ள துயரம் முழுவதும் அந்தப் பறவை மீன் பிடிக்கும் விதத்தில்தான் இருக்கிறது. பெயர் தெரியாத ஏதோ ஒரு பறவை என்று போட்டிருந்தால் பாட்டு இல்லை.

மருதத்தில் இது இன்னும் கூர்மையாக வரும். குறுந்தொகை 8, ஆலங்குடி வங்கனார் பாடியது. "கழனி மாத்து விளைந்து உகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்" என்று தொடங்குகிறது. வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்துத் தானாக விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிறது. பேசுபவள் பரத்தை. அவனை அடைய நான் ஒரு முயற்சியும் செய்யவில்லை, பழுத்து விழுந்தான், கிடைத்தான் என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் வாளையைக் கொண்டு சொல்கிறாள். இதைத்தான் உள்ளுறை என்கிறோம். இந்த ஒரு வரியில் வயல், கரை மரம், குளம், மீன் நான்கும் ஒன்றுக்கொன்று உணவால் தொடுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். வருணனை என்றால் நான்கையும் அழகாகப் பக்கம் பக்கமாக வைப்பதோடு முடிந்துவிடும். இங்கே ஒன்றில் நடப்பது இன்னொன்றுக்குப் போய்ச் சேர்கிறது.

இதற்கான இலக்கணம் தொல்காப்பியத்தில் இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்த நிலத்தில் உள்ளவை கருப்பொருள், மனிதர்களின் உணர்வு உரிப்பொருள். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். எனக்கு முக்கியமாகப் படுவது கருப்பொருள் பட்டியல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் ஒரே வரிசையில் வருகின்றன. மனிதன் செய்யும் வேலையும் அடிக்கும் பறையும் அந்த நிலத்தில் விளைந்தவை என்று, மரத்தோடும் மானோடும் சேர்த்து எண்ணப்படுகின்றன. மனிதன் ஒரு பக்கம், இயற்கை ஒரு பக்கம் என்ற பிரிவு அதில் இல்லை. நம் காலத்தில் நிர்மல் செல்வமணி போன்ற ஆய்வாளர்கள் திணையைச் சூழலியல் கோட்பாடாகவே வளர்த்தெடுத்ததற்கு இடம் கொடுத்தது இந்தப் பார்வைதான்.

பாலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்று வாசிக்கும்போது என்னை மிகவும் கலங்கவைப்பது அந்தத் திணைதான். "மாயோன் மேய காடுறை உலகமும்" என்று தொடங்கும் தொல்காப்பிய நூற்பா நான்கு நிலங்களைத்தான் சொல்கிறது. பாலைக்கு அங்கே தனி நிலம் இல்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் இளங்கோ காரணம் சொல்கிறார்:

"முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்"

காடும் மலையும் தம் இயல்பு கெட்டால் பாலை என்ற வடிவத்தை எடுத்துக்கொள்கின்றன. அதாவது பாலை என்பது வரைபடத்தில் உள்ள ஓர் இடம் கிடையாது, நல்ல நிலம் போய்ச் சேரக்கூடிய ஒரு நிலை. கோடையில் வரும், மழை வந்தால் போகும் என்று அன்று எண்ணியிருக்கலாம். நிலம் தன் இயல்பை இழக்க முடியும் என்பதையும், அப்படி இழக்கும்போது அதில் வாழ்பவர்களுக்கு நடுக்கும் துயரம் வரும் என்பதையும் இந்த மூன்று வரி அளவுக்குத் தெளிவாகச் சொன்ன இடத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பாலைப் பாட்டுகளுக்குள் போனால் அந்தத் துயரத்துக்கு உருவம் கிடைக்கிறது. குறுந்தொகை 37இல் பாலை பாடிய பெருங்கடுங்கோ, பிடியின் பசியைத் தீர்க்க ஆண் யானை யா மரத்தின் பட்டையை உரிக்கிறது என்கிறார். புல் காய்ந்த கோடையில் யானைகள் பட்டையை உரித்துத் தின்பது இன்றும் நம் காடுகளில் நடக்கிறது. பொருள் தேடிப் போன தலைவன் வழியில் அதைப் பார்ப்பான், பார்த்தால் உன் நினைவு வரும், திரும்பி வருவான் என்று தோழி தேற்றுகிறாள். குறுந்தொகை 274இல் உருத்திரன் காட்டும் காட்சி இதைவிடக் கடுமையானது. புறாவின் முதுகு போன்ற நிறத்தில் அடிமரம் கொண்ட உகாய் மரம், இறாலின் முட்டை போன்ற அதன் கனிகள் உதிர்கின்றன. அந்த மரத்தில் வில்லோடு ஏறி வழிப்போக்கருக்காகக் காத்திருக்கும் ஆட்கள், தண்ணீர் கிடைக்காமல் மரத்தின் நார் மென்று தாகத்தைத் தணிக்கிறார்கள். வழிப்பறிக்காரனின் வாய் உலர்ந்திருப்பதைக் கவனித்த கவிஞர் அவர். வறண்ட காட்டு மரத்தின் பழத்துக்கு இறால் முட்டையை உவமை சொல்கிறார் என்றால் இரண்டையும் நேரில் பார்த்தவர் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

சரி, அப்படியானால் சங்கப் புலவர்கள் சொன்னதெல்லாம் உயிரியல் உண்மையா? இல்லை. இதை மறைக்கக் கூடாது. மேடைப் பேச்சில் "அன்றே சொன்னான் தமிழன்" என்று முழங்குவதால் இந்தப் பாடல்களுக்கு எந்த நன்மையும் இல்லை. அகநானூறு 160இல் குமிழி ஞாழலார் நப்பசலையார் கடல் ஆமை முட்டையிடுவதைப் பாடுகிறார். நிறைசூல் ஆமை அடும்புக் கொடி சிதையும்படி இழுத்து, வெண்மணல் மேட்டின் பக்கத்தில் மறைவாக முட்டையிட்டுப் புதைக்கிறது. முட்டை தந்தத்தால் செய்த வட்டுக்காய் போல இருக்கிறது, புலால் நாறுகிறது. இதுவரை ஒவ்வொன்றும் சரி. அடும்பு படர்ந்த மணல் மேடு, முட்டையின் உருண்டை, அதன் நாற்றம் எல்லாம் கிட்டே இருந்து பார்த்தவர் சொல்வது. அடுத்த வரியில், குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை அந்த முட்டையைக் காக்கிறது என்கிறார். அது நடப்பதில்லை. ஆண் கடலாமை கரைக்கு வருவதே அரிது. பெண்ணும் புதைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும், திரும்பிப் பார்க்காது.

ஏன் அப்படிப் பாடினார்? அந்தப் பாட்டின் தலைவன் பொறுப்புள்ளவனாக இருக்க வேண்டும் என்ற ஆசை ஆமைக்கும் போய்விட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன். குறுந்தொகை 69இல் கடுவன் (ஆண் குரங்கு) இறந்ததும் மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலையிலிருந்து குதித்து உயிர்விடுவதும் இந்த வகைதான். ஐங்குறுநூறு 24இல் "தாய்சாப் பிறக்கும்" நண்டையும் "பிள்ளை தின்னும் முதலை"யையும் ஓரம்போகியார் ஒன்றாக வைக்கிறார். நன்னீர் நண்டு தன் குஞ்சுகளை வயிற்றடியில் சுமந்து திரியும். முதலைத் தாய் குட்டிகளை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். இவற்றைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் இப்படிப் புரிந்துகொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். பார்த்தது எது, ஆசைப்பட்டது எது என்று பிரித்துப் பார்க்கும் இந்த வேலை வாசிப்பின் சுவையைக் குறைக்காது. பாட்டுக்கு எங்கே உண்மை போதவில்லை என்று காட்டும். அங்கேதான் கவிஞர் அகப்படுவார்.

குறிஞ்சிப் பூவிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். "கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும்" என்ற குறுந்தொகை 3ஆம் பாட்டைச் சொல்லும் எல்லோரும் பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பைக் காதலோடு இணைத்துப் பேசுகிறார்கள். பாட்டில் பன்னிரண்டு ஆண்டு என்ற பேச்சே இல்லை. தேவகுலத்தார் சொல்வது கரிய தண்டையும் மிகுந்த தேனையும்தான். நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் மூணாற்றுப் பக்கம் மலை முழுக்கப் பூத்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் "பெருந்தேன்" போதும். மலையே ஒரே பூவாக இருக்கும்போது தேனீக்கு வேறு பூவைத் தேடிப் போக வேண்டியதில்லை. அந்தப் பெருக்குதான் நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது என்ற காதலுக்குப் பொருத்தம். அந்தக் குறிஞ்சி வளர்ந்த புல்வெளிச் சரிவுகளில் பெரும்பகுதி தேயிலைக்கும் தைலமரத்துக்கும் சீகை மரத்துக்கும் போய்விட்டது. அதைச் சொல்லாமல் இந்தப் பாட்டை இன்று என்னால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை.

புறப்பாடல்களுக்கு வந்தால் படம் மாறுகிறது. பட்டினப்பாலையில் கரிகாலனைப் புகழும்போது உருத்திரங்கண்ணனார் "காடுகொன்று நாடாக்கிக் குளம்தொட்டு வளம்பெருக்கி" என்கிறார். காட்டை அழித்தது அரசனின் சாதனை. புறநானூறு 16இல் பகைவரின் விளைந்த வயலைக் கொள்ளையிட்டு, வீட்டு மரங்களை விறகாக்கி, காவல் உள்ள நீர்த்துறையில் யானைகளை இறக்கிக் கலக்கி, ஊரைக் கொளுத்துவது வெற்றியாகப் பாடப்படுகிறது. இயற்கையோடு இசைந்து வாழ்ந்த பொற்காலம் என்று ஒரே வீச்சில் சொல்பவர்கள் இந்தப் பக்கங்களைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதே புறநானூற்றில் 57ஆம் பாட்டு இருக்கிறது. காரிக்கண்ணனார் பாண்டியன் நன்மாறனிடம் சொல்கிறார்: பகைவர் வயலை உன் வீரர் கொள்ளையடிக்கட்டும், ஊரைத் தீ நக்கட்டும், உன் வேல் பகைவரைக் கொல்லட்டும், ஆனால் "கடிமரம் தடிதல் ஓம்பு", காவல் மரத்தை மட்டும் வெட்டாதே, உன் யானைக்கு அது கட்டுத்தறியாகத் தாங்காது. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து ஒரே ஒரு மரத்தைக் கேட்டு நிற்கிறார். காரணமாகச் சொல்வதும் யானையின் வசதியைத்தான். போர்வெறியில் இருக்கும் அரசனிடம் மரத்துக்காகப் பேச ஒரு புலவருக்கு இவ்வளவுதான் இடம் இருந்தது என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

நீரைப் பற்றிய பாட்டு என்றால் புறநானூறு 18. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்னது. "உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே" என்ற வரி எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்து வருவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: உணவு என்பது நிலமும் நீரும்தான், அந்த இரண்டையும் சேர்த்தவர்கள் உடம்பையும் உயிரையும் படைத்தவர்கள். அப்புறம் "நிலன்நெளி மருங்கின் நீர்நிலை பெருகத் தட்டோர்" என்கிறார், நிலம் எங்கே வளைந்து தாழ்கிறதோ அங்கே நீரைத் தடுத்துத் தேக்கியவர்கள். ஏரி வெட்டுவதன் நுட்பமே இதுதான். சரிவின் தாழ்ந்த பக்கம் வளைத்துக் கரை போட்டு, மேட்டுப் பக்கத்தைத் திறந்து விட்டால் மழைநீர் தானாக வந்து நிற்கும். நிறைந்தால் கலங்கல் வழியாகக் கீழே உள்ள ஏரிக்குப் போகும். ஏரிக்குள் வீட்டுமனை போட்ட ஊர்கள் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் மூழ்குகின்றன என்றால், நிலத்தின் நெளிவு எங்கே என்று பார்க்க மறுத்ததுதான் காரணம்.

இனி இக்காலக் கவிதை. பாரதி "காக்கை குருவி எங்கள் ஜாதி, நீள் கடலும் மலையும் எங்கள் கூட்டம்" என்று பாடியபோது உறவு முறையையே திருப்பி எழுதினார். அதற்கு முன்னோடி நற்றிணை 172. தாங்கள் சிறுமிகளாக மணலில் புதைத்து விளையாடிய விதை முளைத்துப் புன்னையாக வளர்ந்தது, நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தோம், "உங்களைவிடச் சிறந்தவள், உங்கள் தங்கை" என்று அம்மா சொன்னாள், அதனால் அந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது, வேறு நிழல் இருக்கிறதே என்று தலைவியின் காதலனிடம் தோழி சொல்கிறாள். ஈழத்தில் சு. வில்வரத்தினம், போரில் ஆளற்றுப் போன தீவக ஊர்களைக் "காற்றுவெளிக் கிராம"த்தில் பாடினார். மனிதர்கள் துரத்தப்பட்ட பின் ஒரு நிலம் என்னவாகிறது என்பதும் சூழலியல்தான். நம் பேச்சில் அது அதிகம் வருவதில்லை.

கடந்த சில பத்தாண்டுகளாகச் சுற்றுச்சூழல் என்ற பெயரில் எழுதப்படும் கவிதைகளில் பெரும்பாலானவை என்னைத் தொடுவதில்லை. கோபம் நியாயமானது, சந்தேகமே இல்லை. ஆனால் அவற்றில் "மரம்" அழுகிறது, "பறவை" கூடிழக்கிறது, "நதி" சாகிறது. எந்த மரம்? எந்தப் பறவை? அது என்ன தின்னும், எப்போது வரும்? பெயர் தெரியாத ஒன்றின் இழப்பை வாசகரால் உணர முடியாது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வர வேண்டிய உயிர், இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். நப்பசலையார் பாட்டைப் படித்தவருக்கு அந்தச் செய்தி வேறு மாதிரி வந்து சேரும். அடும்புக்கொடி, மணல் மேடு, புலவு நாறும் முட்டை எல்லாம் அவருக்கு முன்பே தெரியும்.

அந்தப் பெயர்கள் அழிந்துவிடவில்லை. கச்சான், கொண்டல், வாடை, சோளகம் என்று காற்றைப் பிரித்துச் சொல்பவர்கள் கடலுக்குப் போகிறார்கள். ஆடு மேய்ப்பவர்களும் இருளர்களும் செடியையும் பாம்பையும் தனித்தனியாக அறிவார்கள். எழுதுகிற நாம்தான் அவர்களிடம் கேட்பதில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். ஐங்குறுநூற்றில் தொடங்குங்கள். மூன்று முதல் ஆறு அடிதான். களவன் (நண்டு) பத்து, எருமைப் பத்து என்று ஓர் உயிரை எடுத்துப் பத்துப் பத்தாகப் பாடியிருப்பதால் அந்த உயிர் மனதில் நன்றாகப் பதியும். அடுத்து குறுந்தொகையில் கபிலர் பாடல்கள், பிறகு பாலைப் பாடல்கள். அகநானூறு கடைசியில் போதும், அதன் நீளத்துக்கு முன்பயிற்சி வேண்டும். குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஐந்து பூவை நேரில் அடையாளம் கண்டால் அதுவே பெரிது. உரையோடு பி. எல். சாமியின் "சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்", "சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்" இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இலக்கியமும் உயிரியலும் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பெயரையும் எந்த உயிர் என்று சான்றோடு தேடிய உழைப்பு அது. சில அடையாளங்களில் அவரோடு நீங்கள் மாறுபடலாம், மாறுபட்டால் இன்னும் நல்லது. பக்கத்து ஏரிக்கு ஒரு பறவைக் கையேட்டோடு காலையில் போய், மடையானின் காலும் தினைத்தாளும் ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே பாருங்கள்.